அழியாத வருகைப் பதிவேடு

பட்டாபிராமில் நான் ஏறும் காலை ரயிலின் மகளிர் பெட்டியில், கதவுக்கு அடுத்த கம்பியில் முதுகைச் சாய்த்தபடி ஒரு பெண் தினமும் கைப்பேசியில் படித்துக்கொண்டு வருவாள். தோள்பையின் மேல் ஒரு நீள நோட்டை வைத்து அவ்வப்போது எழுதுவாள். வண்டி குலுங்கினால் எழுத்து கோணும், நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப எழுதுவாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பரீட்சையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பிளாக்செயின் கத்துக்கினு கீறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் பத்து வருடமாக இருக்கிறேன். கோவில்பட்டியிலிருந்து வந்து, கல்யாணமாகி, பட்டாபிராமில் ஒரு அடுக்ககத்தில் குடியேறியவள். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்த பையன்கள் எல்லாரும் காசு பண்ணும் கனவில்தான் இருந்தார்கள். "காயின் வாங்கப் போறியா?" என்றேன்.

"காயினு இல்லக்கா. ரிஜிஸ்டர் எழுதறதுக்கு."

அப்படித்தான் அருள்மொழியோடு எனக்குப் பழக்கமானது. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேப்பம்பட்டில் வீடு. ஒரு லாரி ஆபீஸில் பில் போடும் வேலை. கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்தும் அதைவிட நல்ல வேலை அமையவில்லை. நாங்கள் இருவரும் பட்டரவாக்கத்தில் இறங்கி, எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டைக்குள் பத்து நிமிடம் சேர்ந்து நடப்போம். அந்த நடையில்தான் அவள் அப்பாவின் கதையைச் சொன்னாள்.

அவள் அப்பா எத்திராஜ் மண்ணூர்பேட்டை பக்கம் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாகப் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா காலம் வரை வயல் கூலி. வயல்கள் மனையான பிறகு அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் ரயிலேறி எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை பவர் பிரஸ் அவருடைய வலது கையில் மூன்று விரலைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நஷ்டஈடு கேட்கப் போனபோது, ஆள் சப்ளை செய்த காண்ட்ராக்டர் செங்கல்வராயன் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்த வாரத்துப் பக்கம் மட்டும் புதுத் தாளில் இருந்தது. எத்திராஜ் பெயருக்கு நேரே வியாழக்கிழமைக் கட்டத்தில் சிவப்பு மையில் விடுப்பு.

"எங்கியோ குடிச்சிட்டு அடிபட்டுகினு வந்து எங்க தலைல கட்டப் பாக்கறான்" என்று தொழிலாளர் துறை ஆபீசர் முன்னால் சொன்னாராம். எத்திராஜ் வாழ்நாளில் குடித்ததில்லை. தன் அம்மா செத்த மறுநாள்கூட வேலைக்குப் போனவர்.

"கை போனத சொல்லி எங்கப்பா அழலக்கா. அன்னிக்கு வரலன்னு எழுதிட்டாங்களேன்னுதான் அழுதாரு" என்றாள் அருள்மொழி. "அதான் பாத்தேன். கிழிக்க முடியாத ஒரு ரிஜிஸ்டர் வேணும்."

அவள் தேடித் தேடி வந்து நின்ற இடம் இதுதான். ஒரே நோட்டு, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான நகல். ஒருவன் தன் நகலில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் மற்ற நகல்கள் எல்லாம் அவனைப் பொய்யன் என்று சொல்லிவிடும். அந்த நோட்டின் மேல், யார் எதை எப்போது எழுதலாம் என்கிற விதிகளை ஒரு நிரலாக எழுதி ஏற்றிவிடலாம். அதற்குப் பெயர் ஸ்மார்ட் காண்ட்ராக்ட். இந்தப் பெயரைக் கேட்டதும் அவள் அம்மா, "காண்ட்ராக்ட்டால கெட்டது போதாதா, நீ வேற படிக்கணுமா?" என்று கரண்டியை வீசிவிட்டு எழுந்து போனாளாம்.

ஒன்றரை வருடம் கற்றாள். ஆன்லைனில் கிடைத்த இலவச வகுப்புகள்தான். ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். அதில் ஸ்பேஸ் கட்டை பாதி வேலை செய்யாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். எனக்குப் பிளாக்செயின் தெரியாது. பிழை கண்டுபிடிக்கத் தெரியும். அவள் எழுதுவாள், நான் உடைத்துப் பார்ப்பேன். பயிற்சிக்கென்று இருக்கும் சோதனை வலையில் எழுதிப் பார்க்கப் பொய்க் காசு வேண்டும். அதை இலவசமாகத் தரும் தளத்துக்குக் குழாய் என்றே பெயர். "பேரு சரியாதாங்க்கா வச்சிகிறாங்க. எங்க தெரு குழா மாதிரியே ஒரு நாளைக்கு ஒரு தபா, அதுவும் சொட்டு சொட்டா" என்று சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்த காலம் அது.

முதல் முறையாக அவளுடைய நிரல் சோதனை வலையில் ஏறி, அப்பாவின் பெயரில் ஒரு வருகை பதிவானபோது கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். என் கையில் மாவு. அப்படியே கட்டிக்கொண்டாள்.

செயலிக்கு 'வந்தேன்' என்று பெயர் வைத்தாள். தொழிலாளி கேட்டுக்குள் நுழையும்போது தன் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கூட வேலை செய்யும் இரண்டு பேர் தங்கள் போனில் ஆமாம் என்று அமுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அந்த நாள் நோட்டில் ஏறிவிடும். அதற்கப்புறம் முதலாளியோ, காண்ட்ராக்டரோ, அருள்மொழியோ தொட முடியாது.

ஆனால் யார் அமுக்குவார்கள்? கேட்டருகே நின்று அவள் விளக்கியபோது ஆண்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குக் கை கொடுத்தது வேம்புலியம்மாள். எத்திராஜ் வேலை பார்த்த அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர், அதே தெரு. புருஷன் இல்லை, ஒரே மகள் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். அருள்மொழியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அவளுக்கு அத்தை.

"இன்னாடி இது, புச்சா?" என்று போனை வாங்கிப் பார்த்தார். "எங்கண்ணன் கைக்கு பதிலு சொல்லுமா இது?"

"அப்பாவுக்கு சொல்லாது அத்தே. இனிமே யாருக்கும் அப்டி ஆவாம பாத்துக்கும்."

"அப்போ எம்பேர முதல்ல போடு."

ஒரு மாதத்தில் அவர் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்தார். அதைப் பார்த்து ஆண்களும் வந்தார்கள். மொத்தம் அறுபத்து மூன்று பேர்.

இங்கே நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உண்மையான வலைக்கு ஏற்றுவதற்கு முன் நிரலை என்னிடம் காட்டியபோது, தொழிலாளர் பெயர்கள் அப்படியே எழுத்தில் இருப்பதைக் கவனித்தேன். அந்த நோட்டு யாராலும் கிழிக்க முடியாதது மட்டுமல்ல, யாரும் படிக்கக்கூடியதும். "பேரை அப்படியே போடாதே. குறியா மாத்திப் போடு" என்றேன். அவளும் மாற்றினாள். பெயருக்குப் பதிலாக அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் குறி வந்தது. அதை வேம்புலியம்மாளிடம் காட்டியிருக்கிறாள்.

"இது நானாடி? எனுக்கே இது யாருன்னு தெரியலியே! நாளைக்கு ஆபீசருகிட்ட காட்டுனா இது வேம்புலிதான்னு அவரு ஒத்துப்பாரா?" என்று கேட்டாராம். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அருள்மொழி மனசு கேட்காமல் பெயர்களைத் திரும்பப் போட்டுவிட்டாள். அதோடு, கம்பெனி பெயரைத் தட்டினால் அங்கே வேலை செய்பவர்களின் வருகை வரிசையாக வரும்படி ஒரு பக்கமும் செய்தாள். "யாரு வேணா பாக்கலாங்க்கா. மறைக்கறதுக்கு நம்மகிட்ட இன்னா கீது?" என்றாள்.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். நான் தலையாட்டினேன்.

ஏழு மாதம் ஓடியது. ரயிலில் அவளைப் பார்த்ததும் பேக்கிங் பெண்கள் இடம் போட்டுக் கொடுப்பார்கள். "ரிஜிஸ்டர் பொண்ணு" என்றே பெயர். வேம்புலியம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பொத்தானை அமுக்கியதும் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

எட்டாவது மாதம், வேம்புலியம்மாளின் கம்பெனியிலேயே சுப்பராயன் என்கிற வெல்டர் தன் வருங்கால வைப்பு நிதி கட்டப்படவில்லை என்று புகார் கொடுத்தார். அவருடைய வக்கீல் 'வந்தேன்' பதிவுகளை அச்செடுத்து மனுவோடு இணைத்தார். அந்தத் தாளின் அடியில் இணையதளத்தின் முகவரி இருந்தது. செங்கல்வராயனின் ஆபீஸில் யாரோ அதைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நாங்கள் நடந்து போனபோது அந்தக் கம்பெனி கேட்டில் கூட்டம். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கிரண் நான்கு பக்கத் தாளை வைத்துக்கொண்டு பெயர் படித்தான். பெயர் வந்தவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வேம்புலியம்மாளின் பெயர் முதலில் வந்தது. அவருக்கு முதலில் புரியவில்லை. ஏதோ பரிசு போல, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"இவங்கள்லாம் ஊட்டுக்குப் போலாம். இனிமே வர வேணாம்" என்றான் கிரண்.

"இன்னா நைனா, இன்னா தப்பு பண்ணோம்?"

"எனுக்குத் தெரியாதும்மா. லிஸ்ட்டு குடுத்தாங்க, படிக்கறேன்."

அருள்மொழி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அவள் செய்த பக்கம் அது. அவள் தேர்ந்தெடுத்த எழுத்துரு, அவள் வைத்த பச்சை டிக் அடையாளம், பெயருக்கு நேரே வந்த நாட்களின் எண்ணிக்கை. அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடியின் வலி இரண்டு நாள் இருந்தது.

அங்கேயே நின்று இணையதளத்தை முடக்கினாள். முடக்கி ஒன்றும் ஆகவில்லை. பட்டியல் காண்ட்ராக்டர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. எஸ்டேட்டில் எந்த கேட்டில் போய் நின்றாலும் பெயரைக் கேட்டார்கள். பழைய பட்டியல் கிடைக்காதவர்களால்கூட நோட்டை நேராகவே படிக்க முடிந்தது; ஒரு காண்ட்ராக்டரின் மருமகன் ஐ.டி. ஆள், எப்படிப் படிப்பது என்று வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். அறுபத்து மூன்று பேரும் வம்பு பிடித்தவர்கள் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல், அருள்மொழி கூப்பிட்டு நான் வேப்பம்பட்டு போயிருந்தேன். வாசலில் ஏழெட்டுச் செருப்பு. உள்ளே வேம்புலியம்மாளும் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எத்திராஜ் சுவரோரம் நின்றிருந்தார்.

"பேர அழிச்சுடு கண்ணு" என்றார் வேம்புலியம்மாள். குரலில் கோபம் இல்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம். கேசு வேணாம், ஆபீசரு வேணாம். பேரு மட்டும் போய்ட்டா போதும். சேத்துப்பாங்க."

"முடியாது அத்தே."

"நீதான எழுதுன?"

"நான்தான் எழுதுனேன். நானே நெனச்சாலும் அழிக்க முடியாத மாதிரிதான் எழுதுனேன்."

"எதுனா வழி இருக்கும். படிச்சிகிறியே, யோசிச்சுப் பாரு."

அருள்மொழி லேப்டாப்பைத் திறந்தாள். வழி இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திறந்தாள். புதிதாக யாரும் சேர முடியாதபடி நிறுத்தினாள். அதற்கு ஒரு விதி இருந்தது. அழிப்பதற்கு விதியே வைக்கவில்லை, வைத்திருந்தாலும் பழைய பக்கங்கள் ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அப்படியேதான் இருந்திருக்கும். தன் நிரலை மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தாள், பிறகு மறுபடியும் மேலே போனாள். பெண்கள் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அரை மணி நேரம் கழித்து அவள் லேப்டாப்பை மூடினாள். ஒருத்தி விசும்பினாள். வேம்புலியம்மாள் எழுந்து, அருள்மொழியின் தலையில் கை வைத்தார். "பரவால்ல வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தைக்குப் பதிலாக ஒரு அறை விட்டிருக்கலாம் என்று அருள்மொழி பின்னால் சொன்னாள்.

அவர்கள் போனதும் எத்திராஜ் பேசினார். "எங்கைய பத்தி எழுதணும்னுதான நெனச்ச? அதோட வுட்டிருக்கக் கூடாதா? அவங்க சோத்த ஏம்மா இதுல சேத்த?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

வேம்புலியம்மாள் நான்கு மாதம் அலைந்தார். கடைசியில் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்தது. வேப்பம்பட்டிலிருந்து ரயில், அப்புறம் ஆவடியில் பஸ். விடியுமுன் கிளம்ப வேண்டும். மகள் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நின்றாள். மற்றவர்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேன் ஏறினார்கள். சிலர் வீட்டில் இருந்தார்கள். சுப்பராயனின் வழக்கு தேதி தேதியாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அருள்மொழி இதையெல்லாம் பார்த்துவிட்டுப் படிப்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. பெயரை மறைத்தபடியே ஒருவர் தன்னை நிரூபிப்பது எப்படி என்பதற்கு முறைகள் இருக்கின்றன. கடினமான கணக்கு. அதை உட்கார்ந்து கற்றாள். "மொதல்லயே இத கத்துகினு அப்புறம் எழுதியிருக்கணுங்க்கா. எனுக்கு அவசரம்" என்றாள். அந்த நீள நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். ரயிலில், பட்டியலில் இல்லாமல் மிஞ்சிய பேக்கிங் பெண்கள் ஏறும் பெட்டியைத் தவிர்க்க வண்டியின் மறுகோடிக்குப் போனாள். நானும் அவளோடு போனேன்.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். வீடியோ நேர்முகத்தை என் வீட்டில் இருந்துதான் கொடுத்தாள். கேள்வி கேட்டவர் அவளுடைய பழைய நிரலைத் திறந்து வைத்திருந்தார். பாராட்டினார். பயிற்சிக்காகச் செய்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம், நிஜ மனிதர்கள் ஏழு மாதம் தினமும் பயன்படுத்திய ஒன்றை இவ்வளவு குறைந்த அனுபவத்தில் யாரும் காட்டியதில்லை என்றார். எத்தனை பயனர்கள் என்று கேட்டார்.

"அறுபத்து மூணு" என்றாள்.

"இப்போது?"

இணைப்பு போய்விட்டதென்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார். பிறகு அவள், "இப்ப யாரும் இல்ல சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். நியமனக் கடிதம் வந்த மறுநாள், வேம்புலியம்மாளிடம் தானே சொல்ல வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அவர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாக நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அருள்மொழியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறந்த நாளிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவர். டீ போட்டுக் கொடுத்தார். "சந்தோஷம்மா. நல்லாருங்க" என்றார். மகளைப் பற்றி விசாரித்ததற்கு, "இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அருள்மொழி டீயைக் குடித்து முடித்தாள். கிளம்பினோம். தெருமுனை வரைக்கும் வந்து, மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. மகளின் படிப்புச் செலவைத் தானே கட்டுவதாகச் சொல்லத்தான் அவள் போயிருந்தாள். வாங்க என்று சொன்னவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போது அவள் என் ரயிலில் வருவதில்லை. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருக்கிறாள். அவளுக்குக் கீழே இரண்டு பேர். யாராவது மனிதர்களின் பெயரை நேரடியாக நிரலில் எழுதினால் அன்றைக்கு அவர்கள் வேலையை நிறுத்திவிடுவாளாம். ஏன் என்று யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக வேப்பம்பட்டு போய்விட்டுத் திரும்பும்போது நடைமேடையில் எத்திராஜைப் பார்த்தேன். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்து வரும் வண்டிக்காகத் தினமும் வருவாராம். கூட வேலை பார்த்து, பட்டியலில் பெயர் வந்து, இப்போது வேறு ஊர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் அதில் இறங்குவார்கள். பேசுவதில்லை. இவரும் கூப்பிடுவதில்லை. இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாராம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார். "அந்தப் பேரெல்லாம் இன்னும் கீதாம்மா அதுல?"

"இருக்குப்பா."

"எம்பேரு?"

சோதனை வலையில் எழுதிய அந்த ஒரு நாளைத் தவிர அவர் பெயரில் எதுவும் இல்லை. உண்மையான பதிவு தொடங்கியபோது அவர் வேலையில் இல்லை.

"உங்க பேரு இல்லப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். விரல் போன கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார். "அதான்" என்றார். "நான் ஒருத்தன் மட்டும் அதுல இல்ல. எப்டி எம்மூஞ்சப் பாப்பாங்க?"

வண்டி வந்து நின்றது. சட்டையில் எண்ணெய்க் கறையோடு மூன்று பேர் இறங்கினார்கள். எத்திராஜ் எழுந்து நின்றார். அவர்கள் எங்களைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள்.